மூக்குவரை கூப்பிய கை

காலை ஒன்பது இருபது. டொம். தூரத்தில் பீரங்கி செல் குத்திக் கிளம்புகிற சத்தம். எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் பழகிய எண்ணிக்கை. ஏழில் விழுந்து வெடிக்கிறது. அடுத்தது ஐந்தில். கிட்ட வருகிறது.

"படு! படு!" மாலியக்கா கெமர் மொழியில் கத்துகிறார். சைக்கிளைப் போட்டுவிட்டு, கழுத்தில் பிடித்து என்னைத் தொழிற்சாலை வாசலோர வாய்க்காலுக்குள் தள்ளுகிறார்.

கம்போடியா. தாய்லாந்து எல்லையோரம். இரண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டுவிட்டது. நான் பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக்காரி ஆனவள். இங்கே ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாலியக்கா என் வரிசையில் தைப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

சாப்பாட்டு நேரங்களில் அவர்தான் சொல்லித் தந்தார். நன்றிக்கு ஒர்குன். மன்னிப்புக்கு சோம் தோ. வாயால் சொன்னால் மட்டும் காணாது. கை கூப்ப வேண்டும். ஒத்த வயதுக்கு நெஞ்சளவில். மூத்தவருக்கு வாயளவில். பெற்றவருக்கு மூக்களவில். கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிட வேண்டும். விட்டால் அவமரியாதை. நான் ஜிந்துப்பிட்டி முருகனைக் கும்பிடுவதுபோல் தலைக்கு மேலே தூக்கினேன். அது சாமிக்கு என்று சிரித்து என் கையைக் கீழே இழுத்துவிட்டார்.

வாய்க்காலுக்குள் கிடக்கிறேன். தோளைத் தடவுகிறேன். பை இல்லை. சைக்கிள் கூடையில் இருக்கிறது. பாஸ்போர்ட் அதற்குள்.

சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். அடையாள அட்டை இல்லாமல் சந்திக் கடைக்கும் போகமாட்டோம். "ஐசி எடுத்தனியோ?" அம்மா வழியனுப்புவதே அப்படித்தான். செல் விழும்போதும் அந்தப் பயம்தான் எனக்கு முதலில் வந்தது. புத்தி கெட்டவள்.

"பாஸ்போர்ட்! பாஸ்போர்ட்!" கத்தினேன்.

மாலியக்காவுக்கு அந்தச் சொல் தெரியும். எழும்பி ஓடினார். டொம். இம்முறை நான் எண்ணவில்லை. பை என்மேல் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் வெடித்தது.

இப்போது வெள்ளவத்தை. கரையோர ரயில் அதிர்ந்தால் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிடுகிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஹோலுக்கும் பல்கனிக்கும் நடக்கிறேன். கண்ணாடிக்கு முன் நின்று சோம் தோ சொல்லிப் பார்க்கிறேன். வருகிறவர்களிடம் அம்மா சொல்கிறா: "நல்லகாலம், பாஸ்போர்ட்டும் தப்பிட்டுது." கேட்கும்போது செத்துப்போகலாம் போல இருக்கிறது.

இன்று காலை எடுத்தேன். வீடியோ கோல். மாலியக்காவின் மகள் போனைப் பிடித்திருந்தாள். நான் கையை மூக்குவரை உயர்த்தினேன். பெற்றவளுக்கு உரிய அளவு.

சோம் தோ, மாலியக்கா.

அவர் திருப்பிக் கும்பிட்டார். இடது கை மட்டும் வந்தது. நெஞ்சுக்கு முன்னால் கொஞ்ச நேரம் தனியே நின்றது. பிறகு இறங்கியது.

நான் அறிந்த கணக்கு இது. விழுந்த செல் பதினொன்று. செத்தவர், வாசலில் காவல் நின்ற மனிதர். அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சைக்கிள். மாலியக்காவின் வலது கை. அந்தக் கையால் செய்த வேலை.

பாஸ்போர்ட் என் அலுமாரியில் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.