ரத்தினவேலைக் குணப்படுத்திய விதம்

பிறர் பேசினால் காது கொடுத்துக் கேட்பவன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ராயக்கோட்டை சந்தைக்குப் போனால், தக்காளி விலை விழுந்ததில் மனசுக்கு எப்படி இருக்கிறது என்று வியாபாரியை விசாரிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி அனிதா கேலி செய்வாள். அந்த வியாபாரி ஒருமுறை மூச்சுவிடாமல் பேசித் தீர்த்துவிட்டு, கை நிறைய அள்ளிக் கூடுதலாகவே போட்டார். ஆகவே ஐயா, தொழிற்சாலை ஆய்வாளரான நீங்கள் ரத்தினவேலின் கையைப் பற்றி விசாரிக்க வருகிறீர்கள் என்றதும், வக்கீல் வைக்கட்டுமா என்று கம்பெனியில் கேட்டார்கள். எதற்கு என்றேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நான் குருமூர்த்தி. ஓசூர் சிப்காட்டில், இருசக்கர வண்டிகளுக்குத் தகட்டு பாகங்கள் அடித்துத் தருகிற கம்பெனியில் பர்சனல் ஆபீசர். லீவு, கேன்டீன், யூனிஃபார்ம், ஷிப்ட் பஸ் எல்லாம் என் தலையில்தான். இரண்டாயிரத்து நான்கில் தபால் வழியில் உளவியல் எம்.ஏ. முடித்தேன். மனம் ஏன் பிறழ்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று ஆளுக்கொன்று சொல்கிற அந்தப் பாடம் எனக்கு உயிர். பால்யம்தான் காரணம் என்பார் ஒருவர், மூளையின் ரசாயனம் என்பார் அடுத்தவர், பழக்கதோஷம் என்பார் மூன்றாமவர். எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, தொழிலாளர்களுக்கு ஆலோசகர் வேண்டும் என்று சொன்னபோது, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில் என்னை நியமித்தார்கள். பழைய ஹெல்மெட்டுகள் கிடந்த அறையைக் காலிசெய்து இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

நோயாளிதான் வரவில்லை. லீவு கேட்டு வந்தார்கள். மைத்துனனுக்கு வேலை கேட்டு வந்தார்கள். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதே என்று ஒருவர் தினமும் வந்து தூங்கினார். படித்த படிப்பு துருப்பிடிக்கிறதே என்று நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

அப்போதுதான் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் ரத்தினவேலை அழைத்து வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், நல்ல வேலைக்காரன், ரஞ்சிதாவைக் கட்டிக்கொண்டு ஓசூரில் குடித்தனம். அவனுக்கு மூன்றாம் நம்பர் பிரஸ் மேல் பயம். பெடலை மிதித்தால் மேலிருக்கும் அச்சு இறங்கித் தகட்டை அடிக்க வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். காலை எடுத்த பிறகும் சில சமயம் அது தானாக இறங்குகிறது என்றான். மெக்கானிக் கிருஷ்ணப்பன் பலமுறை ஓட்டிப் பார்த்தார். அவர் முன்னால் அது சமர்த்தாக நின்றது. ஆகவே கோளாறு ரத்தினவேலிடம்தான் என்று முடிவாயிற்று. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

பால்யத்திலிருந்து தொடங்கினேன். அவனுடைய அப்பா எப்போது கை ஓங்குவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். சொல்லாமல் கொள்ளாமல் மேலிருந்து இறங்குகிற கை. இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கைதான் இன்று பிரஸ்ஸாக வந்து பயமுறுத்துகிறது என்று விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"எங்கய்யா அடிச்சது வாஸ்தவந்தான் சார்," என்றான். "ஆனா பிரஸ்ஸும் எறங்குதே."

விடவில்லை. எண்ணத்தை மாற்றினால் பயம் மாறும் என்பது அடுத்த கட்சி. 'இறங்கிவிடும்' என்று தோன்றும்போதெல்லாம் 'பிரஸ் தானாக இறங்காது' என்று மனசுக்குள் சொல்லச் சொன்னேன். கேன்டீன் வரிசையில்கூட உதடு அசையச் சொல்லிக்கொண்டு நிற்பான். மெஷின் பக்கம் போனாலே அவனுக்கு வருகிற கை நடுக்கத்துக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை தூக்கம் வரவழைக்கும், மெஷினில் வேலையா என்று டாக்டர் கேட்டார். ஸ்டோர்ஸில் என்று சொன்னேன். இல்லாவிட்டால் மாத்திரை தந்திருக்க மாட்டார். ரஞ்சிதா தன் பங்குக்கு முனியப்பன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். ஜனங்களின் நம்பிக்கைக்கும் என் பாடத்தில் ஓர் அத்தியாயம் உண்டு, ஆகவே நான் தடுக்கவில்லை.

கடைசியாகப் பழக்குதல். நாய்க்குப் பயந்த குழந்தையை ஒவ்வோர் அடியாக நாயருகே கூட்டிப்போவோமே, அதுதான். முதலில் ஷாப் வாசல், பிறகு மெஷின் பக்கம், பிறகு ஸ்டூல். ஒவ்வொரு படி தாண்டியதும் கேன்டீனில் பாதாம் பால். குழந்தை மாதிரி மீசையில் நுரையோடு சிரிப்பான். அவனை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது ஐயா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் ஆஞ்சப்பன் டீக்குப் போயிருந்தார். ரத்தினவேல் ஸ்டூலில் இருந்தான், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு தகட்டை அடித்துவிட்டுக் காலை எடுத்துத் தரையில் வைத்தான். அந்தக் காலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஸ் இன்னொரு முறை இறங்கியது.

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாவம், எத்தனை நாள் தனியாகக் கிடந்து தவித்தானோ.

"பாத்தீகளா சார்?"

"எதைப்பா?" என்றேன்.

அவன் பிரஸ்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டு உதட்டை அசைக்கத் தொடங்கினான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதானே கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். நானும் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு நோயும் இல்லை. அவனுக்கு நோய் இல்லையென்றால் எனக்கு அந்த அறையில் வேலை இல்லை, மறுபடி லீவும் யூனிஃபார்மும்தான். கிருஷ்ணப்பனிடமாவது ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழுது பார்த்தால் ரத்தினவேல் சொன்னதுதான் சரி என்றாகி, அத்தனை நாள் சிகிச்சையும் பாழாகிவிடும். எதிரில் இருப்பவர் உணர்வதை அப்படியே மதித்து ஏற்றுக்கொள் என்று ஒரு கட்சி சொல்கிறது. அந்தப் பாடத்தைப் பரீட்சைக்குக்கூட நான் சரியாகப் படிக்கவில்லை.

அதன் பிறகு முன்னேற்றம் மளமளவென்று நடந்தது. நான் எதையும் பார்க்கவில்லை என்று ஆனதும் அவனுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சிகிச்சையில் அதுதான் பெரிய திருப்பம். கை நடுக்கம் நின்றது. மூன்றாம் நம்பரிலேயே முழு ஷிப்டும் ஓட்டினான். பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து எனக்குச் சால்வை போட்டார்கள். ரத்தினவேலும் கூட நின்று கைதட்டினான்.

அடுத்த வாரம் அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

பிரஸ்ஸை நிறுத்துகிற கிளட்சில் ஒரு பின் தேய்ந்திருந்ததை நீங்களே கழற்றிக் காட்டினீர்கள். கை போனபோது ஆஞ்சப்பன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எறங்கறத பாத்துட்டேதான் சார் இருந்தான்," என்றார். "கைய இழுத்திருக்கலாம். இழுக்கல. வாய்க்குள்ள என்னமோ சொல்லிட்டே இருந்தான்."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரஞ்சிதா என்னைக் கண்டதும் எழுந்து, எல்லாம் கடவுள் சித்தம், நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று அழுதாள். ரத்தினவேல் மயக்கம் தெளிந்து படுத்திருந்தான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, அது முடிந்துபோகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எனக்குக் கை போன மாதிரி தெரியிது சார். நெசமாவே போயிருச்சா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

எதையும் மறைக்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, ஆகவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தைக்காக ஒருவன் அப்படிக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.