ஹோர்முஸுக்கு இரண்டு தேங்காய்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தார். சாலை பஜாரில் பேரீச்சம்பழ மொத்த வியாபாரம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“குடோன இப்பம் தொறக்காண்டாம். ஹோர்முஸ் இன்னும் பத்து நாளு அடைஞ்சு கெடக்கட்டும். வெல தன்னால ஏறும்.”

அந்தப் பேர் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். அவருக்கு முன்னால் நின்ற மாமி திரும்பினார்.

“ஏன் சார், நியூஸ்ல இங்கிலீஷ்ல ‘ஸ்ட்ரெய்ட் ஆஃப் ஹோர்முஸ்’ங்கறாளே, ஸ்ட்ரெய்ட்னா என்ன?”

“ரெண்டு பக்கமும் கரை, நடுவுல ஒடுக்கமா கடல். நம்ம சாலைத் தெருவுன்னு வச்சுக்கிடுங்க. ஒரு லாரி குறுக்க நின்னா பின்னால ஒரு வண்டியும் அனங்காது.”

“ஹோர்முஸ்னா?”

“அது அங்க உள்ள எடத்துப் பேரு. இப்பம் சாலையில அரிசி வெல கூடினாலும் ஹோர்முஸ்தான், வேலைக்கு ஆளு வரலேன்னாலும் ஹோர்முஸ்தான்.”

மாமி சிரிக்கவில்லை.

“எங்க பையன் வேலை பாக்கற கப்பல் அதுக்கு அந்தண்டை மாட்டிண்டு நிக்கறது. பதினெட்டு நாளாச்சு. அது தொறக்கணும்னுதான் இந்தத் தேங்காய்.”

மாமியின் தேங்காய் உடைந்தது. அடுத்து வியாபாரியுடையதும் உடைந்தது.

“நீங்க என்ன வேண்டிண்டேள்?”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நானும் ஹோர்முஸுக்குத்தான் மாமி.”

“நன்னா இருப்பேள்” என்றார் மாமி.