போன் என் கையில் இருந்தது

"உன் குரல்தான் லோர்னா நமக்குக் காப்பு. நான் பேசினா சண்டைக்கு வர்றான்னு நினைப்பாங்க. நீ பேசினா சர்ச் வாசல்ல கேக் விக்கிற அம்மான்னு நினைச்சு உடனே கேட்டுக்குவாங்க."

"கேக் விக்கிற அம்மாதானே நான்" என்றேன். என் கணவர் டெஸ் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் குவீன்ஸ்லாந்துக் கடற்கரைக்குக் குடிவந்த புதிதில் பேசிக்கொண்டது அது.

எங்கள் வழக்கம் உங்கள் காவல்துறைக்குப் புரிவதில்லை, அதனால் இந்த வாக்குமூலத்தில் சொல்கிறேன். போரை எதிர்க்கிற எங்களில் இரண்டு பேர், பயிற்சியைத் தடுக்க, இராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நிலத்துக்குள் இருட்டோடு வேலி தாண்டிப் போவார்கள். சேர்ந்ததும் வெளியே இருப்பவருக்குச் செய்தி அனுப்புவார்கள். அவர் உடனே பயிற்சி அலுவலகத்துக்குப் போன் செய்து, உள்ளே ஆள் இருக்கிறார்கள், இன்ன ஓடைப் பக்கம் என்று சொல்லவேண்டும். பீரங்கிகள் நின்றுவிடும். சிப்பாய்கள் வந்து கைது செய்வார்கள். சில சமயம் தேநீர்கூடக் கொடுப்பார்கள். அந்த ஒரு போன் இல்லாவிட்டால் அது போராட்டம் இல்லை, சாவு. வெளியே இருப்பது எப்போதும் நான்.

ஒவ்வொரு முறையும் டெஸ் புறப்படும்போது அவரிடம் ஒன்று கேட்க நினைப்பேன். கேட்டால் கொள்கைக்குக் குறுக்கே நிற்பவள் ஆகிவிடுவேன். சிரித்தபடி சாண்ட்விச் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

இந்த முறை அவருடன் போனவள் பிரியோனி. பள்ளி ஆசிரியை, நல்ல பெண். அதற்கு முந்தின மாலை, வேலிக்கு வெளியே எங்கள் கூடாரத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டே சொன்னாள்: "இது முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் டாஸ்மேனியா போயிடறோம். உங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டேன்னு டெஸ் சொன்னாரே?"

"சொன்னார் கண்ணு" என்றேன். அவளைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

கிளம்பும்போது டெஸ் என் நெற்றியில் முத்தமிட்டார். "போனை வெச்சுக்கிட்டுத் தூங்கிடாத கிழவி" என்றார்.

விடியும்போது செய்தி வந்தது. சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் என்று எதுவும் இல்லை. ரொட்டியை வாட்டி, வெஜிமைட் தடவிச் சாப்பிட்டேன். போனில் சிக்னல் இல்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். இருந்தது, நன்றாகவே இருந்தது. அவர்கள் கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் போன் செய்யாமல் இருந்தேன். இராணுவத்திடம் ஹெலிகாப்டர் இருக்கிறது, ஒருமுறை சுற்றிப் பார்க்காமலா சுடுவார்கள்? நான் யாரையும் தொடவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிரியோனி ஓடைப் பள்ளத்தில் விழுந்ததால் பிழைத்தாள். டெஸ் பிழைக்கவில்லை.

முதல் குண்டு வெடித்தபோது தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாக, "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்றார்.

சொல்லவேண்டியது எனக்கு மனப்பாடம். எத்தனை பேர், எந்த ஓடை, எல்லாம். அதில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். இரண்டாவது குண்டு வெடித்தது. இத்தனை வருடமாக டெஸ்ஸிடம் கேட்காமல் வைத்திருந்ததுதான் வந்தது.

"போகாதீங்க" என்றேன். "என்கூடவே இருந்துடுங்க."