பாட்டுப் பாடும் வாத்து

என் பெயர் எழிலரசி, வயது இருபத்தேழு, கணவர் பெயர் குரு. தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், கடத்தூரை அடுத்த ஊரில் பள்ளிக்கூடத் தெருவில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் தக்காளி லோடு ஏற்றும் மினி வேன் ஓட்டுபவர். எங்களுக்கு ஒரே மகள், காவியா.

காவியாவின் இரண்டாவது பிறந்தநாளுக்கு என் கணவர் ஆன்லைன் ஆப் மூலம் பாட்டுப் பாடும் வாத்து பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் தயாரித்த கம்பெனியின் பெயரோ எச்சரிக்கையோ இல்லை. பொம்மையின் வயிற்றில் பேட்டரி செல் போடும் மூடிக்கு ஸ்குரூ கிடையாது, நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பொம்மை வந்த சில நாளில் காவியாவுக்கு எச்சில் வடிந்து, இருமல் வந்து, சோறு இறங்கவில்லை. பால் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் எதையும் விழுங்கியதை யாரும் பார்க்காததால் டாக்டரும் சளி என்று சிரப் கொடுத்தார். அதன் பிறகு ஒரு நாள் காலை என் மடியிலேயே ரத்த வாந்தி எடுத்தாள். வேனிலேயே தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில், சட்டைப் பொத்தான் அளவுள்ள செல் ஒன்று உணவுக்குழாயில் சிக்கியிருப்பது தெரிந்தது; அது உள்ளே வேகவைத்து ஓட்டை போட்டுவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது "அம்மா வா" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அடக்கம் முடிந்தபின் என் கணவர் ஆப் கம்பெனிக்குப் போன் செய்தார். "நாங்க விக்கறதில்லீங்க சார், விக்கறவங்களுக்கு எடம் மட்டும்தான் குடுக்கறோம்" என்று ஒரு பெண் சொன்னார். விற்றவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. இதை வாங்காதீர்கள், என் மகள் செத்துவிட்டாள் என்று நான் ஆப்பில் அந்தப் பொம்மையின் படத்துக்குக் கீழே எழுதினேன். விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். அதே வாத்து இப்போது வேறு கடைப் பெயரில் விற்கிறது.

போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தை கையில் அந்த வாத்து பாடியது. ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். குழந்தை அலறியது. அதன் தாய், "ஏங்க, கிறுக்கா உங்களுக்கு? கொழந்த கையிலருந்து புடுங்கறீங்க!" என்று சத்தம் போட, கூட்டம் கூடிவிட்டது. "இதாலதாங்க எம் புள்ள செத்துச்சு" என்று சொல்லி, வாத்தின் வயிற்றை நகத்தால் திறந்து காட்டினேன். உள்ளே இருந்த மூன்று செல்லும் அந்தத் தாயின் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றும் குறையாமல் மூன்றும் இருந்தும்கூட அவர் தன் குழந்தையின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். அதன் பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் பெயர் அன்ஜும். இன்று அவர்தான் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்து, தன் குழந்தையின் பொம்மையையும் ஒப்படைத்திருக்கிறார்.

என் கணவர் வரவில்லை. "நாந்தான வாங்கியாந்து குடுத்தேன்" என்பதைத் தவிர அவர் வேறு பேசுவதில்லை. வேனையும் எடுப்பதில்லை. இதைச் செய்தது யார், விற்க விட்டது யார் என்று கண்டுபிடித்து, ஐயா அவர்கள் என் கணவரிடம் நேரில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.

இதில் எழுதியிருப்பது என் வாயால் சொன்னதுதான். படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) கு. எழிலரசி