ஓரோர் என்ற சொல்

படிகள். மூன்றாம் மாடியிலிருந்து. இடுப்பில் யாழினி, இரண்டரை வயது. வியாழக்கிழமை, மாலை நாலு பத்து. எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறுகிறது, ஏவுகணை எச்சரிக்கை. கீழேயிருந்து வாட்ச்மேன் கத்துகிறார்: "ஜல்தி! லிஃப்ட் மாஃபி!" சீக்கிரம், லிஃப்ட் கிடையாது.

எனக்கு முன்னால் சிரான் ஆன்ட்டி இறங்குகிறார். எதிர் வீட்டுக்காரர். எழுபத்தொரு வயது. கையில் என் மகளின் பால் பை. கொடுத்தது நான். கொடுத்திருக்கக் கூடாது.

முதல் சத்தம். கனமான கதவை அறைந்தது போல. சுவர் அதிர்ந்தது. பிறகு கண்ணாடி கொட்டியது, நீளமாக.

ஆன்ட்டி ஆர்மீனியர். பிறந்தது அலெப்போவில். ஒன்பது வயதில் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார். பிறகு பெய்ரூட். கல்யாண மேடைகள். ஒரே ஒரு கேசட். அங்கே போர் வந்தது. அலெப்போவுக்குத் திரும்பினார். பல வருடம் கழித்து அங்கேயும் வந்தது. கேசட்டை எடுக்காமல் ஓடினார். துபாயில் ஒரு ஹோட்டலில் எட்டு வருடம் பாடினார். கடைசியாக, அதே துபாயில், எங்கள் கராமா குடியிருப்பில், மதிய நேரங்களில், என் மகளைத் தூங்க வைத்தார்.

"ஓரோர், ஓரோர்" என்று தொடங்குவார். உடனே திருத்துவேன். "ஆராரோ, ஆன்ட்டி. ஆ-ரா-ரோ." என் தாலாட்டைக் கேட்டுத் தப்பாகப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். "ஓகே, டீச்சர்" என்று சிரிப்பார். என் சொல்லுக்கு மாறிவிடுவார்.

பார்க்கிங்கில், தூணோரம் உட்கார்ந்தோம். இரண்டாவது சத்தம். மூன்றாவது, இன்னும் பக்கத்தில். யாழினி வீறிட்டாள். மூச்சு திரும்பவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஆராரோ பாட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

ஆன்ட்டி அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "ஓரோர்." நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிச்சுக்கோ டீச்சர். எங்க பாஷைல தாலாட்டுன்னா இதுதான். எங்க அம்மா பாடினது."

பாடினார். யாழினி மூச்சை இழுத்தாள். தூங்கினாள். நாலாவது சத்தம், தூரத்தில். பாட்டு பாதியில் நின்றது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். குழந்தை எழுந்துவிடுமே என்று தோளைத் தொடாமல் இருந்தேன். தொட்டிருக்க வேண்டும். எத்தனை நிமிடம் அப்படி இருந்தேன், தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது ஐந்து ஐந்துக்கு. மாரடைப்பு என்றார்கள்.

அவர் மேல் எதுவும் விழவில்லை. அதனால் தாக்குதலில் இறந்தவர்கள் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் போனவை. ஜன்னல் கண்ணாடி பதினான்கு. கார் இரண்டு. ஆள் ஒருவர், சிரான், பாடகி. தாலாட்டு ஒன்று. அதில் நான் குறுக்கிட்டுத் திருத்திய இடம் வரைதான் எனக்குத் தெரியும்; பார்க்கிங்கில் கேட்ட மீதி மனதில் தங்கவில்லை. மதியங்களில் யாழினி அதைத்தான் கேட்கிறாள். "ஓரோர்" என்கிறேன்.

அடுத்த வரிக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.