வரிசையில் நின்ற செய்தி

ஐயா, பின்கோடு எழுதாத கவரை நான் தபால் பெட்டியில் போட்டதே கிடையாது. எதையும் முறையாகச் செய்துதான் பழக்கம்.

இரண்டாயிரத்து நாலில் கப்பலூரில் எங்கள் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்குகள் மூன்றுக்கும் தனித்தனி சர்வர். மூன்றையும் ஒரே திரையில் காட்டும் சர்வரை மதுரை ஆபீசில் கிரிதரன் அமைத்தான். கிடங்குகளின் செய்திகளை வாங்கி, வரிசையில் வைத்து, ஒன்றுகூடத் தொலையாமல் அந்தச் சர்வருக்குக் கொடுக்கும் இணைப்பு என்னுடையது. குளிரூட்டும் அம்மோனியா, நச்சு வாயு, கசிந்தால் அவன் திரை சிவக்கும். ஆபீசிலிருந்து கிடங்குக்குப் போன் போகும். போன் வராவிட்டால் உள்ளே போகலாம். அதுதான் ஏற்பாடு.

"அண்ணே, உங்களுது போஸ்ட்மேன் வேலைதானே. கடுதாசியப் போட்டுட்டு வாசலோட போயிருங்க" என்பான் கிரிதரன், எல்லோர் முன்னாலும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முதலாளி பார்வையிட வந்த காலையில் இணைப்பை நிறுத்திவைத்தேன். எதையும் அழிக்கவில்லை. அவன் திரை அசையாமல் நிற்பதை முதலாளி பார்க்க வேண்டும், அம்புட்டுத்தான்.

செய்திகள் வரிசையில் சேர்ந்துகொண்டே வந்தன. என் திரையில் மட்டும் அவை தெரியும். அவற்றில் ஒன்று, இரண்டாம் கிடங்கில் அம்மோனியா என்றது. படித்தேன். அப்போது திறந்துவிட்டால் முதலாளி கண்முன்னே திரை சிவக்கும். கிரிதரன் பெரிய ஆளாகிவிடுவான்.

போன் அடித்தது. இரண்டாம் கிடங்கு முத்துப்பாண்டி. விளாங்குடியில் என் பக்கத்து வீடு.

"மாப்ள, மூக்கு லேசா எரியுது. ஆபீசுலருந்து போன் ஒண்ணும் வரல. உள்ள போகவா?"

"வரலேன்னா போக வேண்டியதுதானே மாப்ள."

"நீ சொன்னாச் சரி. போறேன்."

முதலாளி கிளம்பியதும் திறந்துவிட்டேன். திரை சிவந்தது. கிரிதரன் கிடங்குக்குப் போன் போட்டான். எடுக்க ஆளில்லை.

முத்துப்பாண்டியின் மனைவி சுபலட்சுமிக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். கிரிதரனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதிலும் நான் தலையிடவில்லை.

ஆனால் உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில், 'இணைப்பில் கோளாறு. செய்தி வழியில் தொலைந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். நிறுத்தியது நான். படித்தது நான். முத்துப்பாண்டியை உள்ளே போகச் சொன்னதும் நான்.

என் இணைப்பில் கோளாறு இல்லை, ஐயா. ஒரு செய்திகூடத் தொலையவில்லை.