சும்மா பக்கத்துல உக்காரணுமாம்

...அதத்தான் சொல்றேன் அம்முணி, பெத்த தாயவே 'வெளிய போம்மா'ன்னு சொல்லி ரூம்புக் கதவச் சாத்திட்டா. ஞாயமுங்களா இது? தாப்பாப் போடல, சும்மா சாத்தித்தான் வெச்சிருக்கறா. ஆனாலும் சாத்துனது சாத்துனதுதானுங்களே.

உக்காருங்க, உக்காருங்க. உங்க மேலூட்டுல சாயந்தரம் வரைக்கும் ஃபேன் ஓடாது. மாசம் ஒரு நாளு கரண்ட நிறுத்திட்டுத்தான் நம்ம பக்கம் லைன் வேல பாப்பாங்க. புதுசாக் குடி வந்தவிய, உங்களுக்கு எங்க தெரியும். நம்மூட்டுல இன்வெர்ட்டர் இருக்குது, அந்தச் சேலைய இங்கியே விரிச்சு வெச்சுக் குச்சுக் கட்டுங்க. கல்யாணச் சேலைங்களா? அரக்குக் கலரு நல்லா இருக்குது. என்ற கல்யாணத்துல எல்லாம் முந்தானைல குச்சும் இல்ல ஒண்ணும் இல்ல... என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், கதவு.

என்ற புள்ள கனிஷ்காவுக்குத் திங்கக்கெழம பரிச்சைங்க. பதினொண்ணாவதுல கெமிஸ்ட்ரி போயிருச்சு. மறுக்கா எழுதச் சொல்லியிருக்காங்க. தேறுனாப் பன்னெண்டாவது, இல்லீன்னா டீசிய வாங்கிக்கங்கன்னுட்டாங்க. ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து பெட்டியத் தூக்கிட்டு வந்தவ. இன்னொருக்கா அப்படி வந்தா, அந்தப் புள்ள மனசு உட்ருமுங்க. எனக்கு அந்தப் பயந்தான்.

அந்தப் பள்ளிக்கூடக் கதையக் கேளுங்க. பத்தாவது முடிச்சதும் ஹாஸ்டல்ல சேத்துனோம். நாமக்கல்லுப் பக்கம் அதானே வழக்கம், கோழி கூப்படறதுக்கு முந்தி எழுப்பி உக்காத்தி வெச்சாங்கன்னா ராத்திரி வரைக்கும் படிப்புத்தான். எங்கூட்டுக்காரரு கோழிப் பண்ணை வெச்சிருக்கறாருங்களா, அவருக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சு. முட்டக் கோழிக்கு வெடியறதுக்கு முந்தியே லைட்டப் போட்டு உடுவாங்க. வெளிச்சம் இருந்தாத் தீனி திங்கும், முட்ட உடும். புள்ளைக்கும் அதே கணக்குன்னு நெனச்சுட்டாரு மனுசன். லீவுக்கு ஊட்டுக்கு வந்தாலும் இருட்டோட டியூப்லைட்டப் போட்டு உட்டுருவாரு. கோழி முட்ட உட்டுது. இவ புஸ்தகத்தத் தொறந்து வெச்சுட்டு சன்னலப் பாத்துட்டு இருந்தா. கடைசில, எங்க ரிசல்ட்டுக் கெட்டுரும்னு ஹாஸ்டல்காரங்க பாதிலயே அனுப்பிட்டாங்க.

நாங்களும் பண்ணாத வைத்தியம் இல்ல. திட்டுனோம். கயிறு மந்திரிச்சுக் கட்டுனோம். ஞாபக சக்தி வரும்னு வல்லாரக் கீரைய அரச்சு அரச்சு ஊத்துனேன். இப்ப வல்லாரைன்னு பேரச் சொன்னாலே எந்திரிச்சு ஓடறா. டிபன் பாக்ஸத் தொலைப்பா, சாவியத் தொலைப்பா, ஒத்தக் கம்மலோட ஊட்டுக்கு வருவா. அட, ஒரு சடை பின்னிட்டு இன்னொண்ண மறந்துட்டுப் பள்ளிக்கூடம் போனவங்க இவ.

அப்பறம் இப்பப் படிக்கற பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரு சொல்லித்தான் சேலத்துல ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனோம். கவனக் குறைபாடுங்களாம். சின்னதுல இருந்தே இருந்திருக்குது, நாமதான் இப்பக் கண்டுபுடிக்கறோம்னாங்க. பையனா இருந்தா ஓடிக் குதிச்சு எதையாச்சும் ஒடச்சுக் காட்டிக் குடுத்துருப்பானாம். இந்த மாதிரிப் புள்ளைக கம்முனு கனாக் கண்டுட்டு உக்காந்துக்குமாம், யாருக்கும் தெரியாதாம்.

இவ மெதுவாக் கேக்கறா: "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா டாக்டர்?"

இல்லடா கண்ணுன்னாங்க. அவளும் அழுவறா, நானும் அழுவறேன், எங்கூட்டுக்காரரு அண்ணாந்து ஃபேனப் பாத்துட்டு நிக்கறாரு.

மாத்திர குடுத்தாங்க. கொஞ்சங் கொஞ்சமாப் படிக்கட்டும், நடுவுல எந்திரிச்சு நடக்கட்டும்னாங்க. எல்லாஞ் சரி. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க. அவ படிக்கறப்ப ஒராளு பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணுமாம். சொல்லித் தர வேண்டாமாம், பேசவும் வேண்டாமாம். நம்ம பாட்டுக்கு நம்ம வேலையப் பாத்துட்டு உக்காந்திருந்தாப் போதும், அவளுக்குப் புடிமானமா இருக்கும்னாங்க. இது ஒரு வேலைங்களா? நான் உக்கார மாட்டனா?

மொதல்ல எங்கூட்டுக்காரரு உக்காந்தாரு. கொறட்ட. அப்பறம் நான் உக்காந்தேன். பேசவே இல்லீங்க. தண்ணி வேணுமா சாமின்னு கேட்டேன், அது ஒரு பேச்சா? கூன் போடாதன்னேன். பேனா மூடி எங்கன்னேன். எங்க சின்னம்மா மக மாரக்காளு பேத்திக்கு ராசிபுரத்துல மாப்ள அமைஞ்சிருக்கறது ஞாபகம் வந்துது, அதச் சொல்லாம எப்படி இருக்கறது? மாப்ள போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறான், வருசத்துல பாதி நாளு ஆந்திராவுலதான்... அதையுஞ் சொன்னேன்.

அதுக்குத்தான் இன்னிக்கு அழுவறா. "அம்மா, நீ பேசறது ஒண்ணு உடாமக் கேக்குதும்மா. என்னால நிறுத்த முடியல. வெளிய போம்மா"ங்கறா.

கோவமில்லீங்க எனக்கு. வெசனமா இருக்குது. நான் பெத்த புள்ள, அவ பக்கத்துல உக்கார எனக்குத் தெரியலியேன்னு இருக்குது.

நீங்க என்னங்க, வந்ததுல இருந்து வாயே தொறக்கல. அதுஞ் சரி, நூல எண்ணி முடி போடணுமில்லீங்க. இருங்க, டீ வெக்கறேன். அடுப்படில இருந்தே பேசறேன், கேக்குதுங்களா?

அவளுக்கு மூளை இல்லாம இல்லீங்க! பண்ணைல கோழிக்குத் தண்ணி போற கொழா அடச்சுக்கிச்சு. ஆள் வரல. இவளே உக்காந்து ஒவ்வொண்ணாக் கழட்டிக் கழுவி மாட்டுனா. சோத்துக்குக் கூப்புட்டுக் கூப்புட்டு என்ற தொண்டையே போச்சு. புடிச்சதுன்னா அப்படி நிக்குமாம், அதும் இந்தக் கொறையோட சேந்ததுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. கெமிஸ்ட்ரியக் கொழாய்க்குள்ளயா உட முடியும்? சக்கர தூக்கலாப் போட்டுட்டேன், பரவால்லீங்களா? ஏனுங்க?

இந்தாங்க டீ... எங்க போச்சு அம்முணி? சேலையுங் காணோம், நூலுப் பையுங் காணோம். போச்சு, இதும் ஓடிருச்சு. கீரைக்காரி கூட இப்பெல்லாம் நம்மூட்டத் தாண்டிப் போயித்தான் கூவறா...

செருப்பு இங்கியே கெடக்குது.

பாப்பா ரூம்புக் கதவு கொஞ்சூண்டு தொறந்திருக்குது.

...

அலோ. ஏனுங்க, நாந்தான். மெதுவாப் பேசுங்க. தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குது, வேணும்னேதான் சத்தமில்லாமப் பேசறேன். கேளுங்க. மேலூட்டு அம்முணி பாப்பா ரூம்புல கட்டில்ல உக்காந்து குச்சுக் கட்டிட்டு இருக்குது. பாப்பா எழுதறா. ஆமாங்க, நம்ம பாப்பாதான். இப்பப் பக்கத்தத் திருப்பறா. மறுபடியும் எழுதறா.

இல்லீங்க, யாருமே பேசல.

நீங்க வர்றப்ப ஆரன் அடிக்காதீங்க. வண்டிய முக்குலயே நிறுத்திட்டு நடந்து வாங்க. அப்பறம்...

அப்பறம் ஒண்ணுமில்லீங்க. வெச்சர்றேன்.